இரண்டாம் தொகுதி, பக்கம் 214

பதினொண்ணு பத்து. இந்தப் பிள்ளை பேச ஆரம்பிச்சு அஞ்சு நிமிஷம்கூட ஆகல, அதுக்குள்ள எனக்கு உட்காரத் தாங்கல. நாற்காலியில குஷன் வேற போட்டு வச்சிருக்காங்க. வெளித் தேர்வாளர் வயசானவங்க, இடுப்பு வலிக்கும்னு யாரோ யோசிச்சிருக்கணும், தாணுமாலயனாத்தான் இருக்கும், இந்தப் பிள்ளையோட நெறியாளர், எல்லாத்தையும் முன்கூட்டியே யோசிக்கிற மனுஷன். மேசையில வெள்ளைத் துணி, ரெண்டு தண்ணி பாட்டில், ஒரு தட்டு முந்திரி பிஸ்கட், ஓரத்துல மடிச்சு வச்ச பொன்னாடை. அது எனக்கு. நான் இன்னும் ஒரு கேள்வி கேக்கல, பொன்னாடை தயாரா இருக்கு, அப்போ கேட்டு முடிச்சதும் என்ன சொல்லப் போறேன்னு இவங்களுக்கு இப்பவே தெரிஞ்சுதானே இருக்கு. பிஎச்.டி. வாய்மொழித் தேர்வாம். மூணாவது வரிசையில சந்தனக் கலர் சட்டைக்காரர் உள்ளங்கையில ஒரு துண்டுச் சீட்டை ஒளிச்சு வச்சிருக்கார், அது அவர் கேக்கவேண்டிய கேள்வி, காலையில தாணுமாலயனே எழுதிக் குடுத்திருப்பார், அதுக்குப் பதில் இந்தப் பிள்ளைகிட்ட மனப்பாடமா இருக்கும். சபையிலிருந்து ரெண்டு கேள்வியாவது வந்தாத்தான் பொதுத் தேர்வுன்னு எழுத முடியும். எனக்குத் தெரியாதா என்ன, நானும் முப்பது வருஷம் சீட்டு எழுதிக் குடுத்தவதான். இங்க நடக்கிறது எல்லாமே எனக்குத் தெரியும். தெரியாதது ஒண்ணே ஒண்ணு, நாலாவது அத்தியாயம் திரையில வரும்போது நான் என்ன செய்யப் போறேன்ங்கிறது.

மாரீஸ்வரி. சாத்தூர்க்காரி, முப்பத்தெட்டு வயசு, பதினோரு வருஷமா கௌரவ விரிவுரையாளர். கௌரவம் பேருல மட்டும்தான் இருக்கு, பாவம். நிரந்தர வேலைக்குத் திங்கட்கிழமை இன்டர்வியூ. பட்டம் இல்லாட்டி வாசல்லயே திருப்பி அனுப்பிருவாங்க. 'மேடம், நீங்க இன்னைக்குக் கையெழுத்துப் போட்டாத்தான் சாயங்காலத்துக்குள்ள தற்காலிகச் சான்றிதழ் வாங்க முடியும், நாளையும் நாளன்னைக்கும் ஆபீஸ் கிடையாது'ன்னு தாணுமாலயன் கார்ல வரும்போதே ரெண்டு தரம் சொல்லிட்டார். முதல் வரிசையில புருஷன்காரர், புதுச் சட்டை, மடிப்புக் கலையல. பக்கத்துல ஏழெட்டு வயசுப் பொண்ணு, அம்மா இங்கிலீஷ்ல பேசுறதை வாயைத் திறந்து பாக்குது. பாக்கத்தானே செய்யும். நல்லாத்தான் பேசுறா. கொஞ்சம் வேகம். அவ்வளவு வேகம் ஏன் மக்களே, எங்க ஊர்ல ஒத்தைப் பிள்ளையையும் அப்படித்தான் கூப்பிடுவோம், மூச்சு விடு. ரொமாண்டிக் கவிதையில மலை, மேகம், தனிமை, அப்புறம் நம்ம கவிஞர். நம்ம கவிஞர்னுதான் சொல்லுவேன், அவர் பேரைச் சொல்லிச் சொல்லியே என் தொண்டை போச்சு, மனசுக்குள்ளயாவது அதுக்கு லீவு விடுறேன். இங்கிலாந்துக்காரர், பெரிய கவிஞர் ஒண்ணும் இல்ல. அந்தக் காலத்துப் பெரிய தலைங்க ஒவ்வொண்ணுக்கும் ஏற்கெனவே நூறு பேர் க்யூவுல நின்னாங்க, ஒரு ஓரத்துல கிடந்தவரை நான் எடுத்துக்கிட்டேன். ரொமாண்டிக் கவிதையில ஆராய்ச்சி பண்றேன்னு சொன்னப்போ எங்க சித்தி, 'காதல் பாட்டுப் படிக்கவா மூணு வருஷம் ஹாஸ்டல்ல இருக்கே?'ன்னு கேட்டா. இல்ல சித்தி, காதல் இல்ல, இது வேறன்னேன். 'அப்போ எதுக்குட்டி படிக்கே?'ன்னு திருப்பிக் கேட்டா.

ரெண்டாவது அத்தியாயம். ஏசி குளுருது, ஆனா கழுத்துல வேர்க்குது, இது என்ன கூத்தோ. மூணு மாசத்துக்கு முன்னாடியே இந்த ஆய்வேட்டுக்கு ரிப்போர்ட் அனுப்பிட்டேன், நல்ல ஆய்வு, பட்டத்துக்குப் பரிந்துரைக்கிறேன்னு. நாலாவது அத்தியாயத்தை எப்படிப் படிச்சேன்னு எனக்கும் அந்தக் கர்த்தருக்கும்தான் தெரியும், பல் டாக்டர்கிட்ட உட்காந்த மாதிரி கண்ணை இறுக்கிக்கிட்டுப் புரட்டினேன். ஏன்னா அந்த அத்தியாயம் முழுக்க ஒரே ஒரு வரி மேல நிக்குது. மழை நின்ற பிறகுதான் கூரை பேசத் தொடங்குகிறது. இங்கிலீஷ்ல இன்னும் நல்லா இருக்கும், இதைவிட ரெண்டு சொல் கம்மி. நம்ம கவிஞர் ஒரு நண்பருக்கு எழுதின கடிதத்துல இருக்கிற வரின்னு எல்லாரும் சொல்றாங்க. துக்கம் நடக்கிறப்போ கவிதை வராது, அது முடிஞ்சு வீடு அமைதியானப்புறம்தான் வரும், அதுதான் அவரோட கொள்கை, அந்தக் கொள்கைக்கு இந்த வரிதான் திறவுகோல்னு ஒரு புத்தகம் சொல்லுது. அந்தப் புத்தகம் என்னோடது. முப்பது வருஷமா எல்லாரும் அதைப் பாத்துத்தான் எழுதுறாங்க. ஒரு கல்லூரி கருத்தரங்க பேனர்ல பாத்திருக்கேன், அவர் படம், கீழே இந்த வரி. பரீட்சைப் பேப்பர் திருத்தும்போது பாத்திருக்கேன், அஞ்சு மார்க் கேள்வி, 'கூரை பேசுகிறது, விளக்குக.' உக்காந்து அஞ்சுக்கு நாலு போட்டேன், வேற என்ன செய்ய. அந்த வரியை நம்ம கவிஞர் எழுதல. அதை எழுதினது நான்.

திருடல. இதை நான் எனக்கே எத்தனை தடவை சொல்லியிருப்பேன், இன்னும் ஒரு தடவை சொல்லிக்கிறேன், நான் திருடவும் இல்ல, ஜோடிக்கவும் இல்ல. எல்லாம் அந்தச் சிவப்புப் பேனா பண்ணின வேலை. எங்க நெறியாளர் டேனியல் துரைசிங்கம் சார் முதல் நாளே சொன்னார், 'ரூபவதி, குறிப்பெல்லாம் அட்டையில எழுது. கவிஞன் எழுதினது நீல மையில. நீ நினைக்கிறது சிவப்பு மையில. ரெண்டும் ஒருநாளும் கலக்கக் கூடாது. கலந்துட்டா நீ விமர்சகி இல்ல, திருடி.' அட்டை வாங்க எங்க போக, எங்கப்பா சர்ச்சுல சபை ஊழியர், வாரத்துக்கு நாலு கல்யாணப் பத்திரிகை வரும், அதைப் பாதியா வெட்டி பின்பக்கத்துல எழுதுவேன். ஒரு பக்கம் நம்ம கவிஞர், அந்தப் பக்கம் 'கிறிஸ்துவுக்குள் பிரியமானவர்களே'ன்னு பாதியில நிக்கும். ஆயிரத்து நூறு அட்டை. நீலமும் சிவப்புமா அவ்வளவு ஒழுங்கு. அட சீ, இந்தப் பிஸ்கட்டை ஏன் எடுத்தேன், மைக்ல கருக்குன்னு கேட்டுருச்சு, தாணுமாலயன் திரும்பிப் பாத்துச் சிரிக்கிறார். சாப்பிடுங்க மேடம்னு கண்ணாலயே சொல்றார். நல்ல மனுஷன். என்னோட மணிவிழாவுக்கு மலர் போடுறதே இவர்தான், அடுத்த மாசம் வெளியீடு. அதுக்கு என்ன தலைப்பு வச்சிருக்கார் தெரியுமா? கூரை பேசும் நேரம். வேலியில போன ஓணானை எடுத்து மடியில கட்டுன கதை என் கதை, ஆனா அந்த ஓணானுக்கு ஊர் கூடிப் பொட்டு வச்சு மாலையும் போடுது.

அம்மா செத்தது எண்பத்தாறு நவம்பர். நாகர்கோவில்ல அந்த வருஷம் பெய்ஞ்ச மழை இருக்கே, அடக்கத்துக்குப் போன செருப்பு ஒண்ணுகூடத் திரும்பி வரல. நான் அழல. ஊரே பாத்துச்சு, படிச்ச பிள்ளை அழமாட்டேங்குன்னு அத்தைங்க எல்லாம் பேசினாங்க. எனக்கு வரல, அவ்வளவுதான். வீடு முழுக்க ஆள், ஜெபம், பாட்டு, காப்பி, யாரோ யாருக்கோ பந்தி விசாரிக்கிறாங்க, அதுல எங்க அழ. பத்து நாள் கழிச்சு எல்லாரும் கிளம்பிட்டாங்க. மத்தியானம். அப்பா அடுக்களையில தனியா உக்காந்து சாப்பிடுறார், அவருக்கு மோர் எங்க இருக்குன்னுகூடத் தெரியாது. மழை அப்போதான் விட்டுச்சு. விட்டப்புறம் ஓட்டுக்கூரையில இருந்து சொட்டு, ஒரு சொட்டு, இன்னொரு சொட்டு, வாளியில, அம்மியில, வாழை இலையில. அம்மா எங்கேயோ நடமாடுறாப்ல. அப்போ வந்துச்சு எனக்கு அழுகை. அழுதுகிட்டே அட்டையை எடுத்தேன், சிவப்புப் பேனா எழுதல, உதறிப் பாத்தேன், மை தீந்துபோச்சு. கையில கிடைச்ச நீலப் பேனாவால எழுதினேன். ஒரே வரி. இங்கிலீஷ்ல ஏன் எழுதினேன்? தெரியல, தமிழ்ல எழுதியிருந்தா அது அம்மா செத்ததைப் பத்தின்னு எனக்கே தெரிஞ்சுபோயிருக்கும். எழுதி, அட்டையை நூலால கட்டி, மத்ததோட வச்சேன். ஒரு வருஷம் கழிச்சு ஆய்வேடு எழுத உக்காந்தப்போ கட்டைப் பிரிச்சேன். நீல மை. பக்க எண் மட்டும் இல்ல. அப்போ கவிஞர் எழுதினதுதான், கடிதத்துல எங்கேயோ பாத்து நம்பர் போட மறந்திருப்பேன், தேடிப் பாக்கத் தொகுதியும் கையில இல்ல, ரெண்டாம் தொகுதியாத்தான் இருக்கும்னு எழுதிட்டேன். மறந்தே போச்சு எனக்கு, சத்தியமா. அந்த மத்தியானத்தையே என் மனசு எங்கேயோ கொண்டு போய்ப் புதைச்சுட்டு. துரைசிங்கம் சார் அந்தப் பக்கத்துக்கு வந்ததும் கண்ணாடியைக் கழட்டினார், மூணு தடவை சத்தமா வாசிச்சார். 'என்ன வரி! இதைத் தேடிப் பிடிச்சதுக்கே உனக்குப் பட்டம் குடுக்கலாம்.' அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி நான் எழுதின கவிதை நோட்டை அவர்கிட்ட காட்டியிருந்தேன். கவிதை எழுத நாட்டுல நிறைய ஆள் இருக்கு, படிக்கத் தெரிஞ்ச ஆள்தான் இல்ல, நீ படின்னு திருப்பிக் குடுத்தவர் அவரே. அந்த நோட்டை வெந்நீர் அடுப்புல வச்சேன்.

மூணாவது அத்தியாயம் முடியப் போகுது. ஹைதராபாத்துக்கு ஒரு பயிற்சிக்குப் போனப்போ அங்க இருந்த நூலகத்துல நம்ம கவிஞரோட கடிதத் தொகுதி மூணும் இருந்துச்சு. ஆசையா எடுத்தேன், பக்க எண்ணைப் போட்டு ரெண்டாம் பதிப்புல சரி பண்ணலாம்னு. ரெண்டாம் தொகுதியில இல்ல. முதல்ல இல்ல. மூணுலயும் இல்ல. ஒரு வாரம், சாப்பாட்டு நேரம் தவிர முழுக்க அங்கேயேதான், ஒவ்வொரு கடிதமா விரல் வச்சு வாசிச்சேன். அவரு மழையைப் பத்தி எழுதவே இல்ல, தன் பல்வலியைப் பத்தித்தான் பக்கம் பக்கமா எழுதியிருக்கார். ஊருக்கு வந்து பரண்ல இருந்து அட்டைக் கட்டை எடுத்துப் பாத்தேன். நீல மை, மூலையில தண்ணி பட்டு மை ஊறின ஒரு வட்டம். அம்மா ஞாபகம் வந்துச்சு. எல்லாம் வந்துச்சு. அதுக்குள்ள ஆய்வேடு புத்தகமா வந்தாச்சு, அந்தப் புத்தகத்தைக் காட்டி நிரந்தர வேலையும் கிடைச்சாச்சு. அடுத்த பதிப்புல சொல்லிடலாம்னு நினைச்சேன். பேராசிரியர் ஆனதும் சொல்லலாம், ஓய்வு பெத்ததும் சொல்லலாம். முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிறது கஷ்டம்னு யார் சொன்னா, சோத்தை அள்ளிப் போட ஊரே வந்தா ரொம்ப லேசு. பயம் இருந்துச்சு. ஆனா பயம் மட்டும்னு சொன்னா அது பொய். ஒவ்வொரு தடவை யாராவது அந்த வரியைச் சொல்லும்போதும் உள்ளுக்குள்ள ஒரு சந்தோஷம், பாத்தியா சார், படிக்கத் தெரிஞ்சவ எழுதினதுதான்னு. சொன்னா வேலை போகும், சொல்லாட்டி வரி போகும். நான் வேலையை வச்சுக்கிட்டேன். எங்கம்மா செத்த மத்தியானத்தை ஒரு இங்கிலாந்துக்காரனுக்கு எழுதிக் குடுத்துட்டு, அவனைப் பத்திப் பாடம் எடுத்தே பென்ஷனும் வாங்குறேன். வெக்கமா இருக்கு.

வந்துருச்சு. திரையில வரி, கருப்புல வெள்ளை எழுத்து. அதுக்குக் கீழே அடிக்குறிப்பு. கடிதங்கள், இரண்டாம் தொகுதி, பக்கம் 214. என்னது? கண்ணாடியைத் துடைச்சுட்டுப் பாக்கிறேன். 214. என் பேரு எங்க? என் புத்தகத்துல இருந்துதானே எடுத்தே, அடிப்பாவி, எடுத்தாளப்பட்டதுன்னு ஒரு வார்த்தை போடப்படாதா, என் பேரையே தூக்கிட்டியே! கோவம் குப்புன்னு ஏறுது, ஏறின அதே நிமிஷம் சிரிப்பும் வருது, என் வரியைத் திருடிட்டான்னு நானும் எவன்கிட்ட போய்ச் சொல்ல. ஆனா 214? அந்தப் பக்கம் எனக்கு ஞாபகம் இருக்கு, அதுல ஒரு குதிரை நொண்டுறதைப் பத்தித்தான் எழுதியிருக்கார். இவ தேடியிருக்கா. இப்போ எல்லாம் கம்ப்யூட்டர்லயே வந்தாச்சு, ரெண்டு நிமிஷத்துல தேடலாம். தேடிக் கிடைக்கலன்னதும் ஒரு நம்பரைப் போட்டுட்டா. ஏன்? தாணுமாலயன் சொல்லியிருப்பார், பக்க எண் இல்லாத அடிக்குறிப்பு நம்ம வடிவத்துல நிக்காதும்மா, போடுன்னு. நான் பக்கம் போடாம விட்ட ஓட்டையை இவ வந்து அடைச்சிருக்கா, பாவி மகளே, வேற எந்த நம்பரும் கிடைக்கலையா. சரி, இப்போ என்ன. ஒண்ணும் சொல்லாம இருந்துடலாம். ரெண்டு பொதுக் கேள்வி, பரிந்துரை, பொன்னாடை, சாப்பாடு, நாலு மணி ரயில். இவளுக்குத் திங்கட்கிழமை வேலை. எனக்கு மலர். யாருக்கு என்ன நஷ்டம்?

கைதட்டுறாங்க. முடிச்சுட்டா. சந்தனச் சட்டைக்காரர் எழுந்து சீட்டைப் பாக்காம பாத்துக் கேள்வி கேக்கிறார், அவ பதில் சொல்றா, இன்னொருத்தர், இன்னொரு பதில். தாணுமாலயன் என் பக்கம் மைக்கைத் தள்ளுறார். 'மேடம் ரெண்டு வார்த்தை.' மாரீஸ்வரி ரெண்டு கையையும் கோத்துக்கிட்டு நிக்கா. இருபத்தெட்டு வயசுல நானும் இப்படித்தான் நின்னேன், புடவைகூடக் கிட்டத்தட்ட இதே பச்சை. எனக்கு அப்போ தெரியாது. இவளுக்குத் தெரியும், அதுதான் வித்தியாசம். எனக்கு ஹைதராபாத்துல ஆரம்பிச்சது இவளுக்கு இன்னைக்கே ஆரம்பிச்சாச்சு. யாராவது அந்தத் தொகுதியைக் கையில எடுத்தா இவ என்ன பாடு படுவான்னு எனக்குத் தெரியாதா, இத்தனை வருஷம் நான் பட்டதுதானே. நஷ்டம் யாருக்குன்னா கேட்டேன்?

"மாரீஸ்வரி, இந்தக் கூரை வரி. இதை எங்க பாத்தீங்க?"

"கடிதங்கள், ரெண்டாம் தொகுதி, பக்கம் 214, மேடம்."

"நீங்களே பாத்தீங்களா?"

புருஷனை ஒரு தடவை பாத்தா. அந்தச் சின்னப் பொண்ணைப் பாத்தா. "பாத்தேன் மேடம்."

அவ காது மடல் சிவந்துருச்சு. இதுக்கு மேல என்னால முடியாது. இங்கிலீஷ்ல ஆரம்பிச்சேன், வாய் வரல, தமிழ்ல சொன்னேன், மைக்ல என் குரலே எனக்கு வேற யாரோ பேசுற மாதிரி கேட்டுச்சு.

"அந்தப் பக்கத்துல அது இருக்காது மக்களே. எந்தப் பக்கத்துலயும் இருக்காது. மூணு தொகுதியும் நான் வரி வரியாப் படிச்சவ. அது அவர் எழுதினதில்ல. நான் எழுதினது. தப்பா அவர் பேருல போட்டுட்டேன், தப்புன்னு தெரிஞ்ச பிறகும் சொல்லாம இருந்துட்டேன்."

பின்னால யாரோ சிரிச்சாங்க, மேடம் தமாஷ் பண்றாங்கன்னு நினைச்சிருக்கணும். மத்த யாரும் சிரிக்கலன்னதும் அதுவும் நின்னுச்சு. தாணுமாலயன் மைக்கை அணைச்சுட்டு என் காதுக்குள்ள, "மேடம், மலர் அச்சுக்குப் போயிடுச்சே"ங்கிறார். அட ராமா, இந்த மனுஷனுக்கு இப்போ அதுதான் கவலை. மாரீஸ்வரி மேசையைப் பிடிச்சுக்கிட்டா.

"தேடினேன் மேடம்," மைக் இல்லாம சொன்னா, எனக்கு மட்டும் கேக்குற மாதிரி. "மூணு மாசம் தேடினேன். கிடைக்கல. உங்க புக்குல இருக்கு, அப்போ இல்லாம இருக்காது, எனக்குத்தான் தேடத் தெரியலன்னு நினைச்சேன்."

எனக்கு அழுகை முட்டிக்கிட்டு வந்துச்சு. என் புத்தகத்தைச் சரின்னு நம்பின ஒருத்தி, அந்த நம்பிக்கையில தன்னைத்தானே மக்குன்னு நினைச்சிருக்கா. யார்கிட்டயாவது சிவப்புப் பேனா இருக்கான்னு கேட்டேன். அத்தனை வாத்தியாரும் ஒரே நேரத்துல பையில கைவிட்டாங்க. சந்தனச் சட்டைக்காரர் கொண்டு வந்து குடுத்தார். ஆய்வேட்டைத் திறந்து, நாலாவது அத்தியாயத்துல அந்த அடிக்குறிப்பை அடிச்சேன். ஓரத்துல வரியை எழுதினேன். ரெண்டு சொல் கம்மியா, இங்கிலீஷ்ல, சிவப்புல. அப்புறம் படிவத்துல, அத்தியாயத்தின் வாதம் நிற்கும், மேற்கோளின் உரிமை திருத்தப்பட வேண்டும், பட்டத்துக்குப் பரிந்துரைக்கிறேன்னு எழுதிக் கையெழுத்தும் போட்டேன். இது வெளிய போனா என் புத்தகம் என்ன ஆகும், என் பேர் என்ன ஆகும்னு தெரியும். நாளைக்கு அழுதுக்கிறேன். மாரீஸ்வரி நோட்டைத் திறந்துக்கிட்டு பக்கத்துல வந்து நின்னா. திருத்தம் குறிச்சுக்கணும்ல, இன்னைக்குள்ள குடுத்தாகணும்.

"யார் பேரைப் போடறது மேடம்?"

"ரூபவதி. இனிஷியல் ஞா."

"வருஷம்?"

"எண்பத்தாறு. நவம்பர்."

எழுதினா. பேனாவை எடுக்காம, பழக்கத்துல, அடுத்ததையும் கேட்டுட்டா. "பக்கம்?" கேட்டதும் நாக்கைக் கடிச்சுக்கிட்டா.

"கல்யாணப் பத்திரிகையோட பின்பக்கம்னு போடு மக்களே," சொன்னேன். அவ அதையும் எழுதிக்கிட்டா.